காயாத பலகைகள்

“கால வைக்காதே! காயல!”

டீ டம்ளரோடு சமையலறையின் பின்கதவில் நின்றவள், தூக்கிய காலை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் அந்தக் கோடியில் முட்டி போட்டு உட்கார்ந்து பிரஷ்ஷை ஆட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே மரத்தளம் முழுக்க ஈரமாகப் பளபளத்தது.

“அப்ப டீய எப்படிக் குடுக்கறது? காக்காகிட்ட குடுத்து அனுப்பவா?”

“சுத்தி வா.”

“ஒரு டம்ளர் டீக்கு வாசல் வழியாப் போயி, சந்துல நுழைஞ்சு, நான் ஊர்கோலம் வரணுமா? வேணும்னா நீங்க சுத்தி வாங்க.”

“முடிச்சிட்டு வர்றேன். வெச்சிட்டுப் போ. இன்னும் நாலே பலகை.”

டம்ளரை நிலைப்படியில் வைத்து, ஈ விழாமல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அத்தோடு முடிந்தது.

அந்த மரத்தளம் வீட்டின் பின்பக்கம், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், சுவரை ஒட்டினாற்போல முப்பத்திரண்டு பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் போட்டது. கோடியில் தோட்டத்துக்கு இறங்க இரண்டு படி. அதை ஒட்டிப் பக்கத்து வீட்டு டெய்லரின் வேலி. கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சாயங்காலங்களில் இருவரும் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவார்கள். மூன்று வெயிலும் மூன்று மழையும் பார்த்த மரம் வெளுத்துப்போனதால், சாயம் பூசிவிடலாம் என்று அவரே இறங்கினார். ஆள் வைப்பது அவர் அகராதியில் இல்லை.

மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் வீடு வீடாக முப்பத்தொரு வருஷம் ஏறி இறங்கியவர் அவர். சிநேகிதர்கள் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையானாலும் வாசலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒருமுறை குளியலறைத் தரைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று கதவருகே தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் மூலையில் சுவரோடு சுவராக மாட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரம் கொக்கு மாதிரி ஒற்றைக்காலை மாற்றி மாற்றி நின்றார். சின்ன ஜன்னல் வழியாக அவள் சோற்றுத்தட்டை நீட்டினாள். “கைதிக்குச் சாப்பாடு” என்று டெய்லர் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னதை அந்தத் தெரு வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தது. அப்படியும் அவர் மாறவில்லை. இந்த மரத்தளத்தையும் கதவோரம் இருந்துதான் தொடங்கினார். அதனால்தான் அன்றைக்கு அவர் அந்தக் கோடியிலும், அவள் இந்தக் கதவிலும், காயாத இருபத்தெட்டுப் பலகை நடுவிலுமாக இருந்தது.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பிரஷ் பலகைமேல் விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பு பிடித்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு அவர் ஒருபக்கமாகச் சாய்ந்தார், பஸ்ஸில் தூங்குகிறவர் பக்கத்து ஆள் தோளில் சாய்வதுபோல. அங்கே தோள் எதுவும் இல்லை.

“ஏங்க” என்றாள். “ஏங்க!”

காலைத் தூக்கினாள். முன்னே பலகைகள் வெயிலில் ஈரமாக மின்னின. தூக்கிய காலைத் திரும்ப உள்ளேயே வைத்தாள். திரும்பி ஓடினாள்.

கூடத்தைக் கடந்தாள். முன்கதவு பூட்டியிருந்தது, சாவி ஆணியில் இல்லை, அலமாரி மேல் இருந்தது. வெளியே வந்து சந்தில் நுழைந்தால், பக்கவாட்டுக் கேட்டில் அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார். அதை இழுத்துத் தள்ளி, துருப்பிடித்த கொக்கியை நெம்பித் திறந்து அவள் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, டெய்லர் அங்கே இருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு வேலி தாண்டிக் குதித்திருந்தார். இரண்டு கையாலும், சாய்ந்து கிடந்தவரின் மார்பை அமுக்கிக்கொண்டே தன் மனைவியிடம் ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினார்.

வண்டி வந்தது. பூட்ஸ் போட்ட இரண்டு பேர், திறந்து கிடந்த முன்கதவு வழியாக உள்ளே வந்து, நேராக மரத்தளத்தின்மேல் நடந்து போனார்கள். காய்ந்ததா என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் டெய்லர்தான் எல்லாம் சொன்னார். “பாவம், அவங்க குளிச்சிட்டு இருந்திருக்காங்க. சத்தம் கேக்க வழியில்ல.” அவள் தலை அவிழ்ந்து வியர்வையில் நனைந்து ஓடி வந்ததைப் பார்த்து அவர் அப்படி நினைத்திருக்க வேண்டும். முதல் நாள் அதை மறுத்துச் சொல்ல அவளுக்குக் குரலே எழவில்லை. இரண்டாம் நாள், சொல்வதற்கு வாய்வரை வந்ததை யாரோ கட்டிப்பிடித்து அழுது அமுக்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் அது ஊர் உண்மை ஆகிவிட்டது.

அவள் இருபது வருஷமாக மருந்துக்கடையில் சீட்டு பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிப்பவளுக்கு, இதயம் நின்றால் முதல் சில நிமிஷங்களுக்கு என்ன மதிப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவி தேடியது, சைக்கிளை நகர்த்தியது, கொக்கி நெம்பியது. தினமும் கடையில் நின்றபடியே அவள் மனம் அந்தச் சுற்றைச் சுற்றிவரும். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். வாடிக்கையாளர்கள் “என்னம்மா, இல்லையா?” என்பார்கள்.

மூன்று மாதம் ஆயிற்று. மரத்தளம் அப்படியே கிடந்தது. கோடியில் நான்கு பலகை வெள்ளையாக, மற்றதெல்லாம் திட்டுத் திட்டாக: ஓரிடம் கறுப்பு, ஓரிடம் தேன் நிறம், பிரஷ் நின்று மறுபடி தொடங்கிய இடமெல்லாம் பட்டை பட்டையாக. விரலை வைத்தால் இன்னும் ஒட்டியது. காற்றில் வந்த சருகும் தூசியும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு போக மறுத்தன.

கணவரின் தம்பி, நாற்காலி மேசைகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறை வைத்திருப்பவன், மூன்று முறை கேட்டுவிட்டான். “அண்ணி, நான் வந்து சரி பண்ணிடறேன். மழை புடிச்சா அந்த நாலு பலகையும் ஊறிப்போயிடும்.” மூன்று முறையும் அவள் ஒரே பதில் சொன்னாள். “இருக்கட்டும் தம்பி. அவர் கை பட்டது.”

யாராலும் எதிர்த்துப் பேச முடியாத பதில் அது. பாதி நிஜமும்கூட. மீதி என்னவென்றால், அவள் தினமும் காலையில் பின்கதவைத் திறந்து அந்தப் பலகைகளைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். மரத்தளத்தின்மேல் ஒருநாளும் கால் வைக்கவில்லை.

நான்காவது முறை அவன் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேய்க்கும் மிஷினும், கரைக்கும் மருந்து டின்னும், பை நிறைய உப்புத்தாளுமாக வாசலில் வந்து நின்றான்.

“மிஷினத் தூக்கிட்டு மூணு மாடி எறங்கி வந்திருக்கேன். வேணாம்னு சொன்னீங்கன்னா இத இங்கயே வெச்சிட்டு, நானும் இங்கயே உக்காந்துடுவேன். மூணு வேளையும் நீங்கதான் சோறு போடணும்.”

“உனக்குப் போட்டுக் கட்டுபடியாகுமா” என்று சொல்லி அவள் வழிவிட்டாள்.

அவன் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு பலகையை விரல் நகத்தால் கீறிப் பார்த்தான். உச்சுக்கொட்டினான்.

“எங்கண்ணன் பண்ணியிருக்கிற காரியத்தப் பாருங்க. மரம் எவ்வளவு குடிக்குதோ அவ்வளவுதான் அண்ணி குடுக்கணும். இவரு, வயிறு நெறஞ்ச பிள்ளைய மடியில போட்டு ஊட்டற மாதிரி ஊட்டியிருக்காரு. குடிச்சது போக மிச்சத்த கால் மணி நேரத்துல துணியால தொடச்சி எடுத்துடணும். தொடைக்கல. அதுவும் உச்சி வெயில்ல. மேல தோல் கட்டிடிச்சு, அடியில பிசுபிசுன்னு கெடக்கு. இன்னும் மூணு வருஷம் ஆனாலும் இது காயாது.”

“நீ அவர்கிட்ட சொல்லலையா?”

“சொல்லாமலா? போன்ல படிச்சிப் படிச்சிச் சொன்னேன். ‘நீ பொறந்தப்ப உன் தொட்டில ஆட்டினவன் நான், எனக்கே பாடமா’ன்னாரு. தான் புடிச்ச முயலுக்கு மூணு கால், நாலாவது கால நம்ம காட்டினாலும் அது வாலுன்னு சொல்லுவாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் எழவில்லை. இருவரும் கொஞ்சம் பயந்தவர்கள்போல நிறுத்திக்கொண்டார்கள்.

அவன் கதவோரப் பலகையில் கரைக்கும் மருந்தைத் தடவி, ஊறவிட்டு, தகட்டால் வழிக்க ஆரம்பித்தான். மேல்தோல் சுருண்டு சுருண்டு வந்தது. அவள் நிலைப்படிக்கு உள்ளே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வழித்த பிசினை அவன் துணியில் துடைத்துத் துடைத்துப் போட்டான்.

“இந்தத் துணியச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க அண்ணி. எண்ணெய்த் துணி தானா சூடாயி பத்திக்கும். விரிச்சிக் காயப்போட்டாத்தான் பயமில்ல.”

பாதித் தூரம் போனபின் அவன் தகட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “அட, எல்லாமே இதுல பதிஞ்சி கெடக்கு பாத்தீங்களா? இந்தா, இது பூட்ஸு. ரெண்டு ஆளு. ஒருத்தன் குதிகால் தேஞ்சவன். இது ஸ்ட்ரெச்சர் இழுத்த கோடு. கோடியில வெறுங்கால் ஒண்ணு, செருப்புக்கால் ஒண்ணு, அது டெய்லரு. வேலி தாண்டறப்ப ஒரு செருப்பு அங்கயே விழுந்திருக்கும்.” பேச்சுவாக்கில், வேறெதையும் நினைக்காமல், “உங்க கால் எங்க அண்ணி?” என்றான்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

“என் கால் அதுல இல்ல தம்பி.”

“படி வழியா வந்திருப்பீங்க. குளிச்சிட்டு இருந்தீங்கல்ல…”

“குளிக்கல.” அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். “இந்தக் கதவுலதான் நின்னேன். உங்க அண்ணன் சாஞ்சதப் பாத்தேன். கால எடுத்து வைக்கப் போனேன். ஈரமா இருந்துச்சு. உள்ள வெச்சிட்டு, முன்வாசல் வழியா சுத்திப் போனேன். சாவியத் தேடினேன். சைக்கிள நகர்த்தினேன். நான் போய்ச் சேர்றப்ப டெய்லர் வந்துட்டாரு.”

தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் கேட்டான், “பாத்துட்டே… சுத்திப் போனீங்களா?”

“ஆமா.”

“சாயம் அழிஞ்சிடும்னா?”

“அப்படிக்கூட நெனைக்கல. மிதிக்கக்கூடாதுன்னு மட்டும்தான் இருந்துச்சு. மண்டையில வேற ஒண்ணுமே இல்ல.”

அவன் தகட்டை எடுத்தான். அடுத்த பலகையை வழித்தான். அதற்கடுத்ததையும். மதியம் அவள் சாப்பிடக் கூப்பிட்டபோது தலை நிமிராமல் “பசிக்கல” என்றான். காலையில் மூன்று வேளை சோறு கேட்டவன். தட்டில் போட்டு வைத்தது ஆறி, ஓரம் காய்ந்து போயிற்று. பிறகு மிஷினைப் போட்டான். அதன் இரைச்சலில் பேசவும் வழியில்லை. பூட்ஸ், ஸ்ட்ரெச்சர் கோடு, ஒற்றைச் செருப்பு, திட்டு, பட்டை எல்லாம் தூளாகப் பறந்தன. சாயங்காலம் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, முகம் துடைத்துக்கொண்டு, “வர்றேன் அண்ணி” என்றான். என்றைக்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவன் போனபின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். மிஷின் கதவோரம் சாக்கு மூடி இருந்தது. எண்ணெய்த் துணிகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வேலி நெடுக விரித்துப் போட்டிருந்தான். அவ்வளவு கோபத்திலும் அதை மறக்கவில்லை.

இரண்டு நாள் வெயில் அடித்தது. முப்பத்திரண்டு பலகையும் ஒரே நிறமாக, சவரம் செய்த முகம்போல வெளுத்துக் கிடந்தன. இனி அதில் யார் காலும் இல்லை. அதுவரை அவளுக்குத் தன் கால் இல்லாதது ஒன்றுதான் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது அதற்கும் அடையாளம் போயிற்று. இது நிம்மதியாக இருக்கும் என்றுதான் அவள் எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள். இல்லை. அண்ணி என்று கூப்பிட அவளுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான். அவனிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு மனம் சொன்னது. அவனிடம்கூடச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய் என்றது இன்னொன்று. மரம் காயத்தான் நாள் விட்டிருக்கிறானா, அல்லது இனி வரவே மாட்டானா என்பது தெரியாமல், மூன்று நாளும் மருந்துக்கடையில் தப்புத் தப்பாக மாத்திரை எடுத்து, கடைக்காரரிடம் பேச்சு வாங்கினாள்.

நான்காம் நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், கொக்கி நெம்பும் சத்தம் கேட்டது. அவன் சந்து வழியாக வந்து கோடிப்படியில் ஏறினான். பலகையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சொட்டு நிற்காமல் மரத்துக்குள் இறங்கியது.

“குடிக்குது. தயாரா இருக்கு” என்றான், மரத்திடம் சொல்வதுபோல. அப்புறம் அவளைப் பார்த்து, “பழைய துணி எடுத்துட்டு வாங்க. நான் பூசப் பூச நீங்க தொடைக்கணும். ஒத்த ஆளு பண்ற வேலையில்ல இது. அதான் அவருக்கும் வரல.”

அவள் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகச் சுற்றி வந்தாள். அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று மூன்று பலகையாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிரஷ்ஷை எடுக்காமல் ஒரே ஓட்டமாகப் பூசினான். நடுவில் நிறுத்தினால் பட்டை விழும். கால் மணி கழித்து அவள் மரத்தின் ரேகை போகும் போக்கிலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். மரம் வாங்கிக்கொள்ளாத மிச்சமெல்லாம் துணியில் வந்தது. நிறம் சீராக நின்றது.

பத்துப் பலகை ஆனபின் அவன் பேசினான்.

“கோவம்தான் அண்ணி. மறைக்க மாட்டேன். மூணு நாளா உங்கமேல அப்படி ஒரு கோவம். வீட்ல என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல.”

“ம்.”

“நேத்து பட்டறையில ஒரு மேசைக்கு ரெண்டாவது கை பாலிஷ் அடிச்சிட்டு இருந்தேன். பையன் ஒருத்தன் கிட்ட வந்தான். ‘தொடாத, ஈரம்’னேன். அவன் அப்படியே சிலையா நின்னுட்டான். எனக்கு அப்பதான் உறைச்சது.” பிரஷ்ஷை டின்னில் தோய்த்து ஓரத்தில் வழித்தான். “எங்கண்ணன் மிதிக்காதன்னா, நானும் மிதிச்சிருக்க மாட்டேன். சின்ன வயசுல ஒரு தடவ கோடு போட்டு ‘இதத் தாண்டாத’ன்னுட்டு எங்கயோ போயிட்டாரு. விளக்கு வைக்கிற வரைக்கும் நின்னேன். எங்கம்மா வந்து தூக்கிட்டுப் போனாங்க. அந்தாளு குரல் அப்படி.”

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். கேட்கக்கூடாது என்று மூன்று மாதமாக வைத்திருந்ததைக் கேட்டாள்.

“நேராப் போயிருந்தா பொழைச்சிருப்பாரா தம்பி?”

இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். விதி, ஆயுசு, கொடுத்து வைத்தது என்று துக்க வீட்டில் சொல்ல ஆயிரம் வார்த்தை இருக்கிறது. அவன் பிரஷ்ஷைப் பலகையின் முனைவரை ஓட்டி முடித்தான்.

“தெரியல அண்ணி.”

அந்தப் பதிலுக்காக அவள் அவனுக்கு நன்றியோடு இருந்தாள். துணி ஈரமாகிவிட்டது என்று வேறு துணி எடுப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“டெய்லர்கிட்ட நான் சொல்லட்டுமா?” என்று அவன் கேட்டான்.

“வேணாம். நான் சொல்லிக்கிறேன்.”

“சொல்லித்தான் ஆகணுமா?”

“அவர் நல்லவரு. தெரியாம எனக்காகப் பொய் சொல்லிட்டுத் திரியறாரு.”

வெயில் உச்சிக்கு வருவதற்குள் கடைசிப் பலகையைத் துடைத்தபடி இருவரும் கதவுக்குள் பின்வாங்கி, சமையலறையில் நின்றார்கள். அவன் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். மூன்றாவதுக்கு அவள் கரண்டியை நீட்டியபோது, “மரத்துக்குச் சொன்னதுதான் அண்ணி எனக்கும்” என்று கையால் தட்டை மூடிக்கொண்டான். போகும்போது, “ரெண்டு நாள் யாரும் மிதிக்க வேணாம்” என்று சொல்லவந்து, பாதியில் நிறுத்தி, “ரெண்டு நாள்ல காஞ்சிடும்” என்று முடித்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள் முகம் கழுவிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. வேலிக்கு அப்பால் டெய்லரின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கினாள். பழக்கத்தில் அந்தக் கால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு வைத்தாள். நேராக நடந்தாள்.

வேலியருகே நின்று கூப்பிட்டாள். மிஷின் நின்றது. டெய்லர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

“அன்னிக்கு நான் குளிச்சிட்டு இருக்கலண்ணே” என்று ஆரம்பித்தாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. கழுத்து டேப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். “சரிம்மா” என்றார் கடைசியில். இன்னொரு தரமும், “சரிம்மா” என்றார். சற்று நின்றுவிட்டு உள்ளே போனார். மிஷின் உடனே ஓடவில்லை.

அவள் திரும்பினாள். போகும்போது எண்ணத் தோன்றவில்லை, வரும்போது எண்ணினாள். அந்த மூலையிலிருந்து கதவுக்கு ஒன்பது காலடி. அன்றைக்கும் அவ்வளவுதான்.